பெட்டி ஏழு, உறை பதிமூன்று

பொங்கியண்ணனின் தாள்கள் தாராபுரம் வந்திறங்கியது
திருப்பூர் பனியன் அட்டைப்பெட்டிகளில்.
மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் நெற்றியிலும்
'தொண்ணூறு சென்டிமீட்டர், வெள்ளை, மூன்று டஜன்.'
இறக்கிவைத்தவர் கேட்டார்:
ஏனுங்க, இதுல பனியன் இல்லீங்களா?
இல்லை என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம்
தட்டச்சு செய்து வைத்திருந்தார் பெட்டிக்கு உரியவர்.
'மேசைமேல் குடம் இல்லை.
குடத்தைத் தேடித் தோற்ற பிறகு வரும் ஊகமல்ல இது.
இன்மையையே காண்கிறேன்,
கண்ணால், நேராக.'
அப்போது வயது முப்பத்திரண்டு. கோவையில் தத்துவ விரிவுரையாளர்.
வகுப்பில் ஒன்பது பேர்.

பிறகு தில்லி கூப்பிட்டது. ஏன் என்பதற்குத் தாள் இல்லை.
கார்ட்டூம், பெல்கிரேடு, மறுபடி பெல்கிரேடு.
கடைசியாகத் தூதராய் இருந்த நாடே
இன்று வரைபடத்தில் கிடையாது.
தெரிந்திருந்தால் இன்னோர் இயல் கூட்டியிருப்பார்.

மூன்றாம் பெட்டியிலிருந்து ரோஜா நிறச் சீட்டுகள்.
எனக்கு முன்பே யாரோ வந்து படித்துப் போயிருக்கிறார்கள்.
'இவ்விடத்திலிருந்த இரு தாள்கள் அரசு நலன் கருதி அகற்றப்பட்டன.'
கையொப்பம், தேதி, முத்திரை.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
நூற்று நாற்பத்தேழு இல்லைகள்,
ஒவ்வொன்றும் கண்ணால், நேராக.

ஏழாம் பெட்டியில் மட்டும் சீட்டு எதுவும் இல்லை.
எடுத்துப்போக அரசுக்கு அதில் என்ன இருக்கிறது?
பழனாத்தாளின் நீல வான்கடிதங்கள்.
மயிலைப்பசு கிடாரி போட்டது.
கொறங்காட்டு வேலியை ஆரோ வெட்டிப்போட்டது.
வாய்க்கால் முறைத்தண்ணி இந்தத் தடவை ராத்திரி மூணு மணிக்கு.
அப்புறம் இது, உறை பதிமூன்றில்:
'கெணத்துல தண்ணி இல்லீங்க.
எட்டிப்பாத்தா இருட்டுத்தான் தெரியுது, இல்லைங்கறது தெரியலீங்க.
கவுறு பதினாறு மட்டு எறங்குன பொறகு
வாளி வறட்டுச் சத்தம் போட்டுதுங்க.
அப்பத்தான் தெரிஞ்சுது.'

முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன்.
நாற்பத்தொன்றாம் பக்கம். 'கண்ணால், நேராக.'
பென்சிலால் அடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில்:
'தவறு. கயிறு வேண்டும். ப. சொன்னது.'
புத்தகம் அச்சேறவில்லை.

அதே உறையில் அவர் பதில்,
தூதரகத் தாளில், சிங்க முத்திரைக்குக் கீழே:
'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.
உள்ளடக்கம் கவனத்தில் கொள்ளப்பட்டது.'
குறுக்கே ஒரு கோடு.
வேறொரு தாளில் 'பழனாத்தா' என்று எழுதி, ஒரு கால்புள்ளி.
மிச்சப் பக்கம் முழுக்க வெள்ளை.

மகள் சுலோசனா வியாழக்கிழமை வந்தார்.
மின்வாரியத்தில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர்.
அப்பாவை ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பனுங்க என்றார்,
யூனிட் கணக்குச் சொல்வதுபோல.
வரிசையாய்ப் படித்தார். கால்புள்ளியில் நின்றார்.
இந்த ஒண்ணை நான் வெச்சுக்கலாமுங்களா?

விதி ஆறு, உட்பிரிவு இரண்டு: கூடாது.
சொன்னேன்.
சரிங்க என்றார்.
கீழே யாரோ கூப்பிட்டதாக எனக்குத் தோன்றியது.
யாரும் கூப்பிடவில்லை. படியிறங்கி, அமராவதியில்
தண்ணீர் போகிறதா என்று ஜன்னலில் பார்த்துவிட்டு ஏறி வந்தேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பை மூடியிருந்தது.
வாரனுங்க என்றார்.
போங்க என்றால் தப்பு, வாங்க என்றேன்.

அன்று சாயங்காலம்
ரோஜா நிறத் தாள் கிடைக்கவில்லை.
பனியன் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி
என் கையெழுத்தில் எழுதினேன்:
'இங்கே ஒரு தாள் இல்லை.'
காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.
பொருள் வகை: தத்துவம்.
அளவு என்ற கட்டத்தில் எண்ணை மட்டும்தான் ஏற்கும் கணினி.
பதினாறு.